குன்னூரில் கை நனைக்காத நாட்கள்

ஈரோட்டுக்காரர்கள் மலைக்குப் போனால் குளிர் பார்க்கப் போவார்கள், பூ பார்க்கப் போவார்கள். போன ஆனி மாதம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு டாக்ஸி டிரைவரைப் பார்க்கப் போனோம்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் காவ்யா கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பிரதீப் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகத் தை மாதம் வந்து சொன்னாள். பையனின் அப்பா குன்னூரில் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறார். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். என் வீட்டுக்காரர் பழனிசாமி மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், நாலு பேர் வந்து போகும் வீடு என்று நினைப்பு அதிகம். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மகளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "நீங்க சரின்னு சொல்லாம கட்டிக்க மாட்டேன், வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று அவளும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். ஐந்து மாதம் நடுவில் கிடந்து அல்லாடியது நான்.

ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒருக்கா போய் அந்தக் குடும்பத்தைப் பாத்துட்டு வந்தர்லாம். ஆனா நாம யாருன்னு சொல்லக் கூடாது" என்றார். மஞ்சள் வாங்கும் குன்னூர் கடைக்காரர் ஒருவர் மூலம் அந்த டிரைவர் செல்வராஜின் நம்பரைப் பிடித்து, சேலத்து ஜவுளி வியாபாரி என்று சொல்லி நாலு நாளுக்கு வண்டி பேசிவிட்டார். கூடவே சுற்றினால் மனுஷன் குணம் தெரிந்துவிடுமாம். போலீஸ்காரருக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசுகிற இடத்தில் மனதுக்குப் பிடித்து உறுதி சொல்லும் வரை கை நனைக்க மாட்டோம், அதாவது அவர்கள் சோற்றைச் சாப்பிட மாட்டோம். அவர்கள் கையால் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டோம். சாப்பிட்டுவிட்டால் சரி சொன்னதாக அர்த்தம். அப்புறம் பின்வாங்குவது மனுஷத்தனம் இல்லை. "அந்தாளு ஏதாச்சும் நீட்டுனா வயிறு சரியில்லைன்னு சொல்லிரு" என்று பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் நடத்தினார்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் முக்கி முனகி மேலே ஏறின. எதிரில் மதுரைக் குடும்பம் ஒன்று. ஹில்குரோவ் ஸ்டேஷனில் ரயில் தண்ணீர் பிடிக்க நின்றபோது, ஒரு குரங்கு ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர்களுடைய புளியோதரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டது. அந்த அம்மாள் எழுந்து நின்று, "பாவி, விடியக்காலம் எந்திரிச்சுக் கிண்டுனேன்டா, ஒரு கை அள்ளித் தின்னுட்டு மிச்சத்தக் குடுடா" என்று குரங்கிடம் நியாயம் கேட்டார். பெட்டியே சிரித்தது. நான் கொண்டுபோயிருந்த தூக்குப்போசியைத் திறந்து அவர்களுக்குக் கச்சாயம் கொடுத்தேன். பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுட்டது, மூன்று நாள் கெடாது.

குன்னூர் ஸ்டேஷனில் செல்வராஜ் காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், மெரூன் ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். "வாங்கய்யா, வாங்கம்மா" என்று பையை வாங்கினார். என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. பயணக் களைப்பில் தலை கலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள் நான். யாரைப் பார்த்தாலும் மனதுக்குள் நன்னடத்தைச் சான்றிதழ் எழுத ஆரம்பித்துவிடுவேன். முதல் நாளே செல்வராஜுக்கு நல்ல குறிப்புகள் விழுந்தன. வளைவுகளில் என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றும் என்று சொல்லாமலே கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்தார். சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற வழியில் காட்டெருமை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த வெளியூர் கார்கள் ஹாரனை அலறவிட்டன. இவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "அது ஊடு இதானுங்களே, அது போறப்ப போவட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டார். கொடுத்த கச்சாயத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றை வீட்டம்மாவுக்கு என்று கர்ச்சீப்பில் மடித்து வைத்தார்.

எங்கள் வேஷம்தான் அன்றைக்கே கிழியப் பார்த்தது. குன்னூர் மார்க்கெட்டில் மசாலாக் கடையைக் கண்டதும் சேலத்து ஜவுளி வியாபாரி ஓடிப்போய் ஒரு மஞ்சள் விரலை எடுத்துப் பட்டென்று ஒடித்தார். முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். "சரியா வேகலீங்க, நடுவுல பாருங், வெளுத்துக் கெடக்குது" என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். நான் பின்னாலிருந்து கிள்ளினேன். செல்வராஜ் வாழைக்குலைகளைக் கவனமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் ஊட்டி. கூட்டம் வடிந்துவிட்டது என்றார்கள். வடிந்ததே இப்படி என்றால் சீசனில் ஜனங்கள் ஒருவர் தோள் மேல் ஒருவர்தான் நிற்பார்கள் போல. தாவரவியல் பூங்காவின் புல்தரை எனக்குப் பிடித்தது. எங்கள் ஊரில் ஆனியில் தரை பிளந்து கிடக்கும், இங்கே காலை வைத்தால் ஈரம் செருப்புக்குள் வருகிறது. என் வீட்டுக்காரர் பூக்களைவிட்டு, தண்ணீர் பாய்ச்சும் குழாய்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏரியில் படகு ஏற நின்ற வரிசையைப் பார்த்து, "இதுக்கு நம்ம காளிங்கராயன் வாய்க்கால்லயே எறங்கியிருக்கலாம்" என்றார். பேக்கரியில் சூடான வர்க்கி பிஸ்கட் வாங்கினோம். உதிர்ந்து உதிர்ந்து அவர் வேட்டியெல்லாம் தூள். செல்வராஜையும் உட்காரச் சொன்னேன். "நீங்க சாப்பிடுங்கம்மா, நான் அங்கிட்டு நிக்கிறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்று வேளையும் இப்படித்தான், எங்களோடு ஒரு மேஜையில் உட்காரவே இல்லை. கர்வமா கூச்சமா என்று விளங்கவில்லை.

திரும்பும் வழியில் கேத்தியில் வண்டியை நிறுத்தினார். பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் முட்டைகோஸும். ரோட்டோரம் பெரிய உருளை மெஷின் ஒன்று சுற்றிச் சுற்றிக் கேரட்டைக் கழுவித் தள்ளியது. சேறோடு உள்ளே போனது ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று வந்து விழுந்தது. நான் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தலையில் வெள்ளைத் துணி கட்டிய படக இனப் பெண்மணி ஒருவர் செல்வராஜிடம் தங்கள் படக மொழியில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. இந்தம்மா கேரட்டு வாங்குதா, மாப்பிள்ளை பாக்குதான்னு கேக்குறாங்க."

என் கையிலிருந்த கேரட் நழுவி விழுந்தது. என் வீட்டுக்காரர் அவசரமாகப் பள்ளத்தாக்கைப் பார்த்து, "நல்ல வெளைச்சலுங்" என்றார்.

மூன்றாம் நாள் கிழக்கு வெளுக்கும் முன்பே கிளம்பிவிட்டோம். தெப்பக்காட்டில் யானைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கேழ்வரகு, கொள்ளு, அரிசி ஒவ்வொன்றையும் உப்பு சேர்த்துத் தனித்தனியாகத் தலையளவு உருண்டை பிடித்து, வெல்லக்கட்டியோடு மாவுத்தர் யானையின் வாய்க்குள்ளேயே வைக்கிறார். ஒரு யானை கொள்ளு உருண்டையை மட்டும் வாங்கி, மெல்லுவது போல் நடித்து, மெதுவாகக் கீழே துப்பியது. மாவுத்தர் மலையாளமும் தமிழும் கலந்து அதைத் திட்டினார். "தினமும் இதே நாடகம், டாக்டர் சொன்னா நான் என்ன செய்ய, நானா எழுதிக் கொடுத்தேன்" என்பது திட்டின் சாரம். யானை தலையை ஆட்டிவிட்டு வெல்லத்துக்கு வாயைத் திறந்தது. எனக்குக் காவ்யாவின் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. பிடிக்காத பாகற்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போவாள். பிடித்ததை மட்டும் கேட்கத் தெரிந்தவள், இப்போதும் அதைத்தான் செய்கிறாள். "அவளுக்கு இங்க வரோணும்னு ரொம்ப நாள் ஆசைங்க" என்றேன். என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்து நடந்தார்.

கூடலூரில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறினோம். கிளென்மார்கன் பக்கம் திரும்பியபோது மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை போல் வந்து கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை, சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற மழை. தேயிலைத் தோட்டத்து நடுவில் டயர் பஞ்சர். பக்கத்தில் கொழுந்து எடை போடும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. தன் குடையை எங்களிடம் கொடுத்து அங்கே உட்கார வைத்துவிட்டு, செல்வராஜ் தனி ஆளாக நனைந்துகொண்டே டயர் மாற்றினார். என் வீட்டுக்காரருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. அவர் குளிருக்கு நடுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டயர் மாற்றி முடிந்ததும் செல்வராஜ் டிக்கியைத் திறந்து, பெரிய பழைய பிளாஸ்க் ஒன்றை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மூடியில் ஊற்றிக் குடித்தார். இஞ்சி மணம் கொட்டகை வரைக்கும் வந்தது. எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? மிச்சமிருந்த டீ முழுவதையும் தேயிலைச் செடிக்கு அடியில் ஊற்றிவிட்டு, பிளாஸ்க்கை மூடி உள்ளே வைத்தார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. கொடுத்தாலும் குடித்திருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம். கேட்கவே தோன்றாதா ஒரு மனுஷனுக்கு? கச்சாயம் வாங்கத் தெரிகிறது, விறைத்துக் கிடக்கிற ஜனங்களுக்கு ஒரு வாய் டீ கொடுக்கத் தெரியவில்லை. செடிக்கு ஊற்றுகிறார்! லாட்ஜ் அறைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "பாத்தியா சுமதி, குடுக்கற கை இல்லை. என்ற புள்ளய இந்த ஊட்டுக்கா அனுப்பறது?" என்றார். அவருக்கு முடிவு சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காவ்யாவிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. வாட்ஸ்அப்பில் "எங்க இருக்கீங்க? ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருந்தாள். பழனி பக்கம் கோயில் கோயிலாகப் போகிறோம் என்றுதான் அவளிடம் பொய் சொல்லியிருந்தோம். நான் பதில் போடவில்லை.

நாலாம் நாள் மத்தியான ரயிலில் இறங்க வேண்டும். காலையில் செல்வராஜ் லேம்ஸ் ராக் காட்சிமுனைக்குக் கூட்டிப்போனார். கீழே கோயமுத்தூர்ச் சமவெளி வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அங்கே ஏதோ ஒரு கட்டிடத்தில் என் மகள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வண்டியில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன், டிக்கியில் அந்தப் பிளாஸ்க் மறுபடியும் கண்ணில் பட்டது. என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"ஏனுங்க செல்வராஜ், நான் கேக்கறனேன்னு கோவிச்சுக்காதீங்க. நேத்து அந்த மழையில நாங்க நடுங்கிட்டு உக்காந்திருந்தோம். ஒரு வாய் டீ குடிக்கறீங்களான்னு கேக்கத் தோணலீங்களா? செடிக்கு ஊத்துனீங்களே?"

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க சேலம் இல்லீங்க. ஈரோடு. ஸ்டேஷன்ல நீங்க எறங்கினப்பவே தெரிஞ்சிருச்சு. காவ்யா புள்ள அப்படியே உங்க சாயலுங்க."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டு மாசம் முந்தி பிரதீப் அந்தப் புள்ளய ஊட்டுக்குக் கூட்டியாந்தான். நம்ம வீட்டம்மா விஜயா அன்னைக்கு லீவு போட்டுச் சமைச்சு வச்சுச்சு. புள்ள வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு, எல்லார் காலையும் தொட்டுக் கும்பிட்டுச்சு. ஆனா எலையில உக்கார மாட்டேன்னுருச்சு. 'எங்கூட்டுல ஒரு வழக்கம் இருக்குதுங்க மாமா. எங்கப்பா அம்மா வந்து இங்க கை நனைச்சதுக்கு அப்புறந்தான் நான் சாப்பிடுவேன். தப்பா நெனைக்காதீங்க'ன்னு சொல்லி, பச்சத் தண்ணிகூடக் குடிக்காமப் போயிருச்சு. அப்படி இருக்கயில உங்களுக்கு நான் தேத்தண்ணிய நீட்டலாமுங்களா? வேண்டாங்கறதுக்கு உங்களுக்குச் சங்கடம். குளிருக்கு வாங்கிக் குடிச்சுட்டா, அது ஏமாத்தி வாங்குன சம்மதம் மாதிரி ஆயிருமுங்களே."

நான் திரும்பி டிக்கிப் பக்கம் பார்த்தேன்.

"அப்ப ஏன் இத்தாப்பெரிய பிளாஸ்க்கு?" என்றேன்.

"அது விஜயா வேலைங்க. நீங்க யாருன்னு முதல் நாளே அதுகிட்ட சொல்லிட்டேன். தினம் மூணு பேருக்கு ஊத்திக் குடுத்து, ரெண்டு டம்ளரும் வச்சு விடும். இன்னைக்காவது குடிப்பாங்கன்னு. மிச்சத்தத் திருப்பிக் கொண்டுபோனா மனசு உட்டுரும். அதனால செடிக்கு ஊத்திட்டு, குடிச்சாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மேஜையில் எங்களோடு உட்காராததற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது, சேர்ந்து சாப்பிட்டால் அதுவும் கை நனைத்த கணக்கில் சேர்ந்துவிடுமே. நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த சான்றிதழைக் கிழித்துப் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனைச் சோதிக்க வந்து, மூன்று நாளும் சோதனையில் உட்கார்ந்திருந்தது நாங்கள்தான். அதைவிட, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் எழுந்து போன என் மகளை நினைத்துக் கண் நிறைந்துவிட்டது. எங்களை மீறிப் போகிறாள் என்று ஐந்து மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

என் வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார். "ஊடு எங்கீங்க?"

"இங்கருந்து பத்து நிமிசமுங்க. ஆனா ரயிலுக்கு..."

"ரயிலு நாளைக்கும் வருமுங்க. உடுங் வண்டிய."

எஸ்டேட் சரிவில் வரிசையாக ஒட்டி நின்ற லயத்து வீடுகள். அவர்களுடையது கடைசி. இரண்டு அறை, வாசலில் தகர டப்பாக்களில் ஜெரேனியம் பூச்செடிகள். விஜயா அப்போதுதான் காலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்திருந்தார். இடுப்பில் இன்னும் சாக்குப் படுதா கட்டியிருந்தது, விரல் நுனியெல்லாம் கறுப்பு. எங்களைக் கண்டதும் அவசரமாகப் படுதாவை அவிழ்த்தார். "வாங்க, வாங்க, இந்தக் காம்பராவுல உக்காருங்க" என்று அறைக்குள் கூட்டிப்போனார். அலமாரியில் பிரதீப்பின் பட்டமளிப்புப் படம். அதன் பக்கத்தில் பூ வேலைப்பாடு போட்ட ஒரு கண்ணாடி டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. "அது காவ்யாவுக்குன்னு வாங்குனதுங்கம்மா. அன்னைக்குக் குடிக்கலை. அப்படியே வச்சிருக்கேன்" என்றார்.

பிறகு தயங்கித் தயங்கி என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "அய்யா, தேத்தண்ணியில இஞ்சி தூக்கலா இருந்துச்சுங்களா? இவரு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு."

செல்வராஜ் தலை குனிந்துகொண்டார். மஞ்சள் சரியாக வேகவில்லை என்று மூன்றாம் மனுஷனிடம் சண்டை போடுகிறவர், வியாபாரத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர், என் வீட்டுக்காரர், கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அளவா இருந்துச்சுங்க. மூணு நாளும் குடிச்சமே, ஒரு நாளும் கூடவுமில்ல, கொறையவுமில்ல" என்றார்.

அப்புறம் எழுந்து சட்டைக் கையை மடித்தார். "கை கழுவத் தண்ணி எங்கீங்க? எனக்கு நல்லாப் பசிக்குது."

விஜயா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். செல்வராஜ் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தானே அவர் கையில் ஊற்றினார்.

தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து அம்மியில் நசுக்கிய சம்பல், காது வழியாகப் புகை வந்தது. என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்று ரொட்டி தின்றார். கீழே எங்கேயோ மலை ரயில் ஊதிக்கொண்டு போனது. அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

நான் இடது கையால் போனை எடுத்து, முந்தின நாள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன். "சாப்பிட்டோம். தேங்காய் ரொட்டி, சம்பல். இஞ்சித் தேத்தண்ணி வருது."

போட்ட அடுத்த நொடி போன் அடித்தது. எடுத்தேன். காவ்யாதான், ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நீட்டினேன். என் வீட்டுக்காரர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, போன் பக்கம் குனிந்து ஐந்து மாதத்துக்கு அப்புறம் மகளிடம் நேராகப் பேசினார்.

"சாமி, நாங்க சாப்புட்டாச்சு. ஞாயித்துக்கெழம நீயி வந்து சாப்புட்டுட்டுப் போ. உனக்குன்னு டம்ளரு வாங்கி வச்சிருக்காங்க."